மூன்று நாள் தீம் பார்க் ரிசார்ட் பயணம்: பணம் எங்கே கசிந்தது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. நீங்கள் இருவர், 9 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள். தீம் பார்க்கோடு சேர்ந்த ரிசார்ட்டிலேயே 3 பகல், 2 இரவு தங்கினீர்கள். 3 நாளுக்கும் டிக்கெட் எடுத்தீர்கள். போட்ட கணக்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு செலவாகிவிட்டது. வீடு திரும்பிய பிறகு பிள்ளைகள் பேசுவது முழுக்க ஓட்டல் நீச்சல் குளத்தைப் பற்றித்தான். அடுத்த தடவை எப்படி மிச்சம் பிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், "நாங்கள் ஏமாந்துவிட்டோமா?" என்பதுதான் மனதில் உறுத்துகிற கேள்வி என்று தோன்றுகிறது.

ஏமாறவில்லை. இதைத் தைரியமாகச் சொல்லக் காரணம், நான் இப்படி ஒரு ரிசார்ட்டில் முதல் 4 வருடம் ரைடு இயக்கும் பிரிவிலும், அப்புறம் 7 வருடம் ரூம், டிக்கெட் விலை போடும் பிரிவிலும் வேலை பார்த்தவன். வேலையை விட்ட பிறகு குடும்பத்தோடு வேறு பூங்காக்களுக்குப் பணம் கொடுத்துப் போய், உங்களைப் போலவே கையைச் சுட்டுக்கொண்டும் வந்திருக்கிறேன். அந்த இடங்களில் யாரும் நம் பையில் கைவிடுவதில்லை. நேரம் போகிறதே என்ற பதற்றமும் கால் வலியும் சேர்ந்து நம்மையே பையைத் திறக்க வைக்கின்றன. மாலை 4 மணிக்கு, இரண்டு பிள்ளைகளும் சிணுங்கும்போது, எதிரில் இருக்கும் கடையில் விலைப் பட்டியலை யார் படிக்கிறார்கள்? ஆகவே கூப்பன் தேடுவதற்கு முன்னால் களைப்பைக் குறைக்கும் வழியைத் தேடுங்கள் என்பேன். நான் கீழே சொல்வதில் பெரும்பாலானவை அதைச் சுற்றித்தான் வரும்.

முதலில் டிக்கெட். நீங்கள் போய்ச் சேர்ந்தது முதல் நாள் மதியம் 2 மணிக்கு, கிளம்பியது மூன்றாம் நாள் மதியம் 3 மணிக்கு. அதாவது 3 நாள் டிக்கெட்டில் முழுசாகக் கிடைத்தது ஒரே ஒரு நாள். மற்ற இரண்டும் அரைகுறை. குறுகிய பயணத்தில் நடக்கும் மிகப் பெரிய விரயம் இதுதான். இதை நாங்கள் விலைப் பிரிவில் உட்கார்ந்துகொண்டு தினமும் பார்த்திருக்கிறோம். பெரிய பூங்காக்கள் பலவற்றில் பல நாள் டிக்கெட்டின் விலை ஒரே சீராக ஏறாது. முதல் நாளுக்குத்தான் அதிகம்; நாள் கூடக்கூட, சேர்க்கும் ஒவ்வொரு நாளும் மலிவாகிக்கொண்டே போகும். காரணம் எளிது. நீங்கள் ஏற்கெனவே வந்து தங்கிவிட்டீர்கள். நாலாவது நாளும் உள்ளே வைத்துக்கொள்ள நிர்வாகத்துக்குக் கூடுதல் செலவு ஏதும் பெரிதாக இல்லை, நீங்களோ சாப்பிடுவீர்கள், வாங்குவீர்கள். பக்கத்தில் இருக்கும் போட்டிப் பூங்காவுக்கும் போகமாட்டீர்கள். ஆகவே 2 இரவுப் பயணம் என்பது நாள் கணக்கில் பார்த்தால் எப்போதும் விலை கூடியதுதான்; அதில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை.

இதிலிருந்து தப்ப இரண்டு வழி. ஒன்று, 2 இரவுக்கு நடுநாள் மட்டும் டிக்கெட் எடுப்பது. வந்த நாள் குளம், தூக்கம்; நடுநாள் கதவு திறப்பதிலிருந்து மூடும்வரை பூங்கா; கிளம்பும் நாள் மறுபடி குளம். பிள்ளைகள் 5 வயதும் 9 வயதும் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு இதையே செய்வேன். இன்னொன்று, இரண்டு குறும்பயணங்களுக்குப் பதில் இடைவெளி விட்டு ஒரே ஒரு 4 இரவுப் பயணம். போக்குவரத்துச் செலவு ஒரு தடவைதான், டிக்கெட்டும் நாளொன்றுக்கு இறங்கும். இரண்டாவது வழி எல்லாருடைய விடுப்புக்கும் ஒத்துவராது என்பது தெரியும்.

எந்தத் தேதி என்பதும் டிக்கெட் விஷயம்தான். முன்பெல்லாம் எந்த நாள் போனாலும் ஒரே விலை. கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்ட் 2016ல் நாளுக்கு நாள் விலை மாறும் முறைக்குப் போனது, புளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் 2018ல் தேதிவாரி விலையைக் கொண்டுவந்தது. இப்போது உலகத்தின் பல பூங்காக்களில் இதுதான் நடைமுறை. பலர் இதைத் திட்டுகிறார்கள். எனக்கு இதில் ஒரு நன்மை தெரிகிறது. அந்த விலை நாள்காட்டியைப் போடுகிறவர்கள் முந்தைய வருடங்களின் கூட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் போடுகிறார்கள். அதாவது நிர்வாகம் தன்னுடைய கூட்டக் கணிப்பை உங்களுக்கு இலவசமாகக் காட்டுகிறது. விலை குறைந்த நாள் பெரும்பாலும் கூட்டமும் குறைந்த நாள். பணமும் மிச்சம், வரிசையும் மிச்சம். பள்ளி விடுமுறைக்குள்தான் போக முடியும் என்றாலும், அதற்குள்ளேயே நடுவாரத்துக்கும் சனிக்கிழமைக்கும் வித்தியாசம் இருக்கும். நாள்காட்டியை முதலில் திறந்துவிட்டு, அப்புறம் விடுப்புக்கு எழுதிக் கொடுங்கள்.

ரூம் விஷயத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் முன்பதிவு செய்யுங்கள். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அதே தேதிக்கு விலை பாருங்கள். ரூம் நிரம்பவில்லை என்றால் நாங்கள் விலையை இறக்குவோம். ஆனால் ஏற்கெனவே கூடுதல் விலையில் பதிவு செய்தவருக்கு அதைச் சொல்லி ஒரு கடிதம்கூடப் போகாது. அவரே பார்த்தால்தான் உண்டு. இறங்கியிருந்தால் புதிய விலையில் முதலில் பதிவு செய்துவிட்டு, அது உறுதியான பிறகு பழையதை ரத்து செய்யுங்கள். வரிசை மாறினால் வம்பு. "முன்கூட்டியே முழுப் பணம் கட்டினால் தள்ளுபடி" என்று வருவது சில நேரம் நல்ல பேரம்தான்; ஆனால் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கிளம்பும் நாளன்று காய்ச்சல் வராது என்று யார் உறுதி கொடுப்பது?

உள்ளே தங்குவதா, வெளியே தங்குவதா? இங்கே ரூம் வாடகையை மட்டும் ஒப்பிடக் கூடாது. உள்ளே தங்குவதால் கிடைக்கும் நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். வால்ட் டிஸ்னி வேர்ல்டில் 2021 அக்டோபரிலிருந்து ரிசார்ட்டில் தங்குகிறவர்களுக்கு ஒவ்வொரு பூங்காவிலும் மற்றவர்களைவிட 30 நிமிடம் முன்னால் நுழையும் சலுகை இருக்கிறது. அதே புளோரிடாவில் ஓர்லாண்டோ யுனிவர்சல் பூங்காக்களின் மேல்தட்டு ஓட்டல்கள் மூன்றில் தங்கினால், பழைய இரண்டு பூங்காக்களுக்கும் வரிசையைத் தாண்டிப் போகும் எக்ஸ்பிரஸ் அனுமதி வாடகைக்குள்ளேயே சேர்ந்து வருகிறது; அங்கே 2025ல் திறந்த புதிய பூங்காவான எபிக் யுனிவர்ஸுக்கு அது செல்லாது. இதில் ருசியான சங்கதி, செக்-இன் செய்யும் நாளும் ரூமைக் காலி செய்யும் நாளும் அதற்குள் அடக்கம். ஒரு இரவு வாடகைக்கு இரண்டு நாள் எக்ஸ்பிரஸ். நாலு பேருக்கும் தனியாக அதை வாங்கினால் என்ன ஆகும் என்று கூட்டிப் பார்த்தால், விலை கூடிய ஓட்டல் சில தேதிகளில் மலிவாகிவிடும். இதற்கு நேர்மாறாக, உள்ளே தங்கியும் காலை 10 மணிக்கு எழுந்து போனால், வாங்கிய சலுகையைத் தூங்கியே கழித்துவிட்டோம் என்று அர்த்தம். வெளியே தங்குவதாக இருந்தால் வாடகைக்கு மேல் வண்டி நிறுத்தக் கட்டணம், 'ரிசார்ட் கட்டணம்' என்ற பெயரில் ஓட்டல் கட்டாயமாகப் போடும் தொகை, வரி ஆகியவற்றைக் கூட்டிய பிறகு ஒப்பிடுங்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான் பல இடங்களில். அமெரிக்காவில் 2025 மே 12 முதல் ஓட்டல்கள் கட்டாயக் கட்டணங்களையும் சேர்த்த மொத்தத்தைத்தான் விலையாகக் காட்ட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. ஆனாலும் வரியை அதற்குப் பிறகு சேர்க்கலாம், வண்டி நிறுத்தும் கட்டணமும் தனியாக வரலாம்.

இனி வரிசை. நான் ரசித்துச் செய்த வேலை இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். வரிசையின் நீளத்தைப் பார்த்துக் காத்திருக்கும் நேரத்தை ஊகிப்பது எல்லாரும் செய்யும் தவறு. நீளத்தைவிட, அந்த ரைடு மணிக்கு எத்தனை பேரை ஏற்றி அனுப்புகிறது என்பதுதான் முக்கியம். 24 பேர் உட்காரும் ரயில் நிமிடத்துக்கு ஒன்று கிளம்பினால் மணிக்கு 1,440 பேர். அந்த வரிசையில் உங்களுக்கு முன்னால் 480 பேர் நின்றால் 20 நிமிடத்தில் ஏறிவிடலாம். சின்னப் பிள்ளைகளுக்கான சுற்று ரைடில் 32 இருக்கை, ஏற்றி ஓட்டி இறக்க 4 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 480 பேர். அதே 480 பேர் அங்கே நின்றால் ஒரு மணி நேரம். அதிலும் ஒற்றைப் பிள்ளை தனியாக உட்கார அடம்பிடிக்கும், பாதி இருக்கை காலியாகவே சுற்றும். பார்த்தால் சாதுவாக இருக்கும் குட்டி ரைடுதான் ஒரு குடும்பத்தின் காலையை விழுங்கும்.

ஆகவே கதவு திறந்ததும் எல்லாரும் பெரிய ரோலர் கோஸ்டரை நோக்கி ஓடும்போது, 5 வயதுப் பிள்ளையோடு போகிறவர்கள் அந்தக் குட்டி ரைடுகளுக்குப் போவது நல்லது. முதல் ஒன்றரை மணி நேரத்தில் நாலைந்து முடித்துவிடலாம். மதியத்துக்கு மேல் அதே நாலைந்துக்கு அரை நாள் வேண்டும். பெரிய ரைடுகளைக் கடைசி மணி நேரத்துக்கு வையுங்கள். பல பூங்காக்களில் மூடும் நேரத்துக்கு முன்பே வரிசையில் நின்றுவிட்டவரை ஏற்றித்தான் அனுப்புவார்கள். எங்கள் இடத்தில் அந்த நேரத்துப் பலகையில் காத்திருப்பைக் கொஞ்சம் கூட்டியே போடுவோம், கூட்டம் வாசல் பக்கம் நகரட்டும் என்று. எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று சொல்லமாட்டேன். ஆனால் இரவு பலகையில் 60 நிமிடம் என்று இருந்தால் நான் பயப்படுவதில்லை.

இன்னும் இரண்டு ஏற்பாடுகளைப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். உயரம் போதாத பிள்ளையோடு ஒருவர் வெளியே நிற்க, மற்றவர் ஏறி வந்த பிறகு, நின்றவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறலாம். பெரிய பூங்காக்களில் இது இலவசம். ரைடு வாசலில் நிற்கும் ஊழியரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். இன்னொன்று தனி ஆள் வரிசை. அப்பாவும் பெரியவளும் பக்கத்துப் பக்கத்தில் உட்காராமல் போகச் சம்மதித்தால் காலி இருக்கையில் ஏற்றிவிடுவார்கள். ஆனால் தனியாக உட்கார ஒரு குறைந்தபட்ச வயது வைத்திருப்பார்கள், அதை விசாரித்துக்கொள்ளுங்கள். அப்புறம் உயரம். 102, 112, 122 சென்டிமீட்டர் என்பவை அடிக்கடி வரும் எல்லைகள். சின்னவனை வீட்டிலேயே சுவரில் நிறுத்தி அளந்துவிட்டு, அவன் ஏறக்கூடிய ரைடுகளை மட்டும் எண்ணுங்கள். எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால், பயணத்தை ஒரு வருடம் தள்ளிப்போடுவதுதான் இருப்பதிலேயே பெரிய சேமிப்பு. வயது எல்லையும் பாருங்கள்: டிஸ்னி வேர்ல்டில் 3 வயதுக்குக் கீழ் டிக்கெட் கிடையாது, 10 வயதிலிருந்து பெரியவர் கட்டணம், டோக்கியோ டிஸ்னியில் சிறுவர் கட்டணம் 4 முதல் 11 வயது வரை. உங்கள் பெரியவளுக்கு 9 முடியப்போகிறது, நினைவில் வையுங்கள்.

பணம் கொடுத்து வரிசையைத் தாண்டும் வசதி வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இதற்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. 1955ல் திறந்த டிஸ்னிலேண்டில் பல வருடம் ரைடுக்கு ரைடு தனிச் சீட்டுதான். ஏ, பி, சி, டி, இ என்று தரம் பிரித்து, சிறந்த ரைடுகளுக்கு 'இ' சீட்டு. 1982ல் அது ஒழிந்து, நுழைந்தால் எல்லாம் இலவசம் என்றானது. 1999ல் வரிசையைத் தாண்டிப் போகும் ஃபாஸ்ட்பாஸ் வந்தது, அதற்கும் காசு கிடையாது. 2021ல் அதே வசதிக்குக் கட்டணம் வந்தது. சில ரைடுகளுக்குத் தனித்தனியாகவே வாங்க வேண்டும். சுற்றிவந்து 'இ' சீட்டு திரும்பி வந்துவிட்டது, நுழைவுக் கட்டணம் மட்டும் போகவில்லை! என் கருத்து இது: கூட்டம் குறைந்த நாளில், காலையில் சீக்கிரம் போகிறவர்களுக்கு அது தேவையில்லை. கூட்டமான நாளில், ஒரே ஒரு நாள் டிக்கெட்டோடு போகிறவர்களுக்கு அது விரயம் இல்லை. ஒரு நாள் டிக்கெட்டைக் குறைத்த பணத்தில் நடுநாளுக்கு இதை வாங்குவது சில தேதிகளில் நல்ல மாற்று. இது தேதியையும் பூங்காவையும் பொறுத்தது, பொது விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்தினமே முடிவு செய்துவிடுங்கள் என்பது மட்டும் பொது விதி. வெயிலில் வரிசையில் நின்றுகொண்டு போனில் வாங்கும்போது யாரும் யோசித்து வாங்குவதில்லை.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் ஏதும் இல்லை. வெளி உணவை அனுமதிக்கிறார்களா என்று பூங்காவின் விதியைப் படியுங்கள். அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் இல்லாமல் உணவு கொண்டுபோகலாம், கவுண்டர்களில் குளிர்ந்த நீரை ஒரு கோப்பை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். டோக்கியோ டிஸ்னியில் வெளி உணவை உள்ளே விடமாட்டார்கள். பசிக்கும் முன்பே, 11 மணிக்குச் சாப்பிட்டுவிட்டால் வரிசை இருக்காது, ஆத்திரத்தில் ஆர்டர் செய்வதும் இருக்காது. உணவுத் திட்டத்தை மொத்தமாக வாங்குவதாக இருந்தால், வீட்டில் குறைவாகச் சாப்பிடுகிறவரை வைத்துக் கணக்குப் போடுங்கள். ரெயின்கோட், பவர் பேங்க், தொப்பி, கால் கொப்புளத்துக்கு ஒட்டும் பட்டை, இவற்றை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். படம் பிடிக்கும் ஊழியரிடம் உங்கள் போனைக் கொடுத்தாலும் பல இடங்களில் எடுத்துக் கொடுப்பார்கள். வெளிநாட்டுப் பூங்காவில் கார்டு தேய்க்கும்போது உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டலாமா என்று இயந்திரம் கேட்டால், வேண்டாம் என்று அந்த ஊர்ப் பணத்திலேயே கட்டுங்கள். மாற்று விகிதத்தில் அவர்கள் வைக்கும் லாபம் உங்கள் தலையில் விழும்.

கைப்பட்டையைக் காட்டினால் வாங்கியது ரூம் கணக்கில் ஏறும் வசதியைப் பிள்ளைகள் பயன்படுத்தியதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். பிள்ளைகளின் பட்டையில் அந்த வசதியை நிறுத்திவைக்கச் சொன்னால் வரவேற்பறையில் ஒரு நிமிட வேலை, கேட்டால் போதும். நினைவுப் பொருளுக்கு ஒவ்வொருவர் கையிலும் ஒரு தொகையைப் பணமாகக் கொடுத்து, "இதற்குள் என்ன வேண்டுமானாலும் வாங்கிக்கொள், மிச்சமிருந்தால் உனக்கே" என்று சொல்லிப் பாருங்கள். என் மகன் முதல் நாள் பத்துக் கடையில் பொம்மைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு சாவிக்கொத்து வாங்கி மிச்சத்தைப் பையில் போட்டுக்கொண்டான். ரைடு முடிந்து வெளியேறும் பாதை கடை வழியாகத்தான் போகும். அது தற்செயலாக அமைந்தது இல்லை.

இணையத்தில் உலவும் சிலவற்றை நான் நம்புவதில்லை. செவ்வாய்க்கிழமை எப்போதும் கூட்டம் குறைவு என்பது, எல்லாரும் படித்துவிட்டுச் செவ்வாய்க்கிழமையே வருவதால் சில இடங்களில் தலைகீழாகியிருக்கிறது. கடைசி நிமிடத்தில் ரூம் மலிவாகும் என்பது சில வாரங்களில் நடக்கும், விடுமுறை நாட்களில் நடக்காது. யாரோ பாதி பயன்படுத்திய பல நாள் டிக்கெட்டை விற்கிறேன் என்றால் கிட்டேயே போகாதீர்கள். அவை பெயர் மாற்ற முடியாதவை, டிஸ்னி வேர்ல்டில் வாசலில் விரலையே வைத்துப் பார்க்கிறார்கள். நான் வேலை செய்தது ஒரே ஒரு ரிசார்ட்டில். மற்ற இடங்களில் விலை போடுகிறவர்களின் மனக்கணக்கை என் அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறேன். சலுகைகளும் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன. பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தந்தப் பூங்காவின் விதியைப் படித்துவிடுங்கள்.

கடைசியாக, அந்த நீச்சல் குளம். டேனியல் கானமன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1993ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கையைக் குளிர்ந்த நீரில் 60 விநாடி வைக்கச் சொன்னார்கள். இன்னொரு தடவை அதே 60 விநாடிக்குப் பிறகு, லேசாகக் குளிர் குறைந்த நீரில் மேலும் 30 விநாடி. எதைத் திரும்பச் செய்வீர்கள் என்றதற்கு, பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள், முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததால். ஓர் அனுபவம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைவிட, அதன் உச்சமும் முடிவும்தான் நினைவில் தங்குகின்றன என்று இதிலிருந்து சொல்கிறார்கள். குளிர்ந்த நீருக்கும் உல்லாசப் பயணத்துக்கும் ரொம்ப தூரம்தான். ஆனால் உங்கள் மூன்றாம் நாளை நினைத்துப் பாருங்கள். கட்டிய பணம் வீணாகிவிடக் கூடாதே என்று ரூமைக் காலி செய்துவிட்டு மறுபடி பூங்காவுக்குள் போய், 70 நிமிட வரிசை, அழுகை, கடையில் சண்டை, அப்படியே வண்டி. முதல் நாள் மாலை குளத்தில் இரண்டு பேரும் போனைத் தொடாமல் பிள்ளைகளோடு இரண்டு மணி நேரம் தண்ணீரில் கிடந்தீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயணத்தில் யாரும் அவசரப்படாத இரண்டு மணி நேரம் அது ஒன்றுதான் போலிருக்கிறது.

அதனால் அடுத்த தடவை குளத்தை இலவச இணைப்பாக நினைக்காமல், முதலில் குளத்தைப் பார்த்து ஓட்டலைத் தேர்ந்தெடுங்கள். சறுக்கு உண்டா, சின்னவனுக்கு ஆழம் சரியா, ரூமைக் காலி செய்த பிறகும் மாலைவரை குளத்தைப் பயன்படுத்த விடுவார்களா என்று போன் செய்து கேளுங்கள். பல ரிசார்ட்டுகள் விடும், பெட்டிகளையும் வாங்கி வைத்துக்கொள்ளும். மாற்றுத் துணியைத் தனிப்பையில் எடுத்து வைக்க மட்டும் மறக்காதீர்கள். நான் ஒரு தடவை அதைப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்துவிட்டு, ஈர உடையோடு வரவேற்பறையில் அரை மணி நேரம் நின்றிருக்கிறேன்.